மேட்டுப் பொந்துக்கு ஐந்து போட்டி

ஒரு காட்டில் விளையாட்டுக் கமிட்டி ஒன்று இருந்தது. சிங்கம் இல்லையா என்று கேட்காதீர்கள். கமிட்டி வந்த பிறகு சிங்கத்துக்கு அங்கே என்ன வேலை?

கமிட்டித் தலைவர் கொம்பையா என்கிற காட்டுப்பன்றி. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஐந்து போட்டி வைப்பார்: ஓட்டம், தாண்டுதல், மரமேறுதல், நீச்சல், கல் உருட்டுதல். ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. கூட்டிப் பார்த்து யார் முதலோ, அவருக்கு அந்த மழைக்காலம் முழுக்க மேட்டுப் பொந்து. காட்டிலேயே தண்ணீர் ஏறாத ஒரே பொந்து அதுதான்.

செவந்தி என்கிற கீரிக்கு அந்தப் பொந்து வேண்டும். பெருமைக்கு இல்லை. அதன் வளை ஓடைக்கரையில் இருந்தது, உள்ளே மூன்று குட்டிகள்.

முதல் வருஷம் செவந்தி உயிரைக் கொடுத்து ஆடியது. ஓட்டம், தாண்டுதல், கல் உருட்டுதல் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் முன்னால். சொரிமுத்து என்கிற உடும்பு மரமேறுவதில் லேசாக முந்தி, நீச்சலில் புள்ளியை அள்ளிவிட்டது. கூட்டினால் இரண்டு பேரும் சமம்!

கொம்பையா தொண்டையைச் செருமினார். "சமமா வந்தா, ஏதாவது ஒரு போட்டியில யாரு ரொம்ப அதிகப் புள்ளி எடுத்தாரோ அவருக்குத்தான் பொந்து. நீச்சல்ல சொரிமுத்து எடுத்ததை யாரும் எதுலயும் எடுக்கல."

"அண்ணே, அஞ்சுல மூணுல நான்தானே முன்னாடி?"

"அதெல்லாம் கணக்குல வராது தாயி."

சொரிமுத்து கொம்பையாவுக்கு மச்சான் முறை. பன்றிக்கு உடும்பு எப்படி மச்சான் ஆகும் என்கிறீர்களா? பதவிக்கு வந்து பாருங்கள், உங்களுக்கும் மச்சான்கள் முளைப்பார்கள்.

அந்த மழையில் ஓடை கரை புரண்டது. செவந்தி இரண்டு குட்டிகளைத்தான் இழுத்து வெளியே போட முடிந்தது. மூன்றாவது தண்ணீரோடு போய்விட்டது.

அழுது முடித்ததும் செவந்தி ஒரு முடிவுக்கு வந்தது. ஒரே போட்டியில் அதிகப் புள்ளிதானே வேண்டும்? வருஷம் முழுக்க ஓடியது. தாண்டவில்லை, ஏறவில்லை, கல்லைத் தொடவில்லை. ஓட்டம், ஓட்டம், ஓட்டம்தான்.

மறு வருஷப் பந்தயத்தில் அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்துக் காடே வாயைப் பிளந்தது. ஓட்டத்தில் புள்ளி குவிந்தது. மற்ற நாலிலும் சொரிமுத்து ஒரு மயிரிழை, ஒரு மயிரிழையாக முந்திக்கொண்டே வந்தது. கூட்டினால் மறுபடியும் சமம். கதையில்தான் இப்படியெல்லாம் நடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவந்தி நெஞ்சு நிமிர்த்திப் பொந்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டது.

"எங்கே தாயி கிளம்பிட்டே?" என்றார் கொம்பையா. "விதி மாறிடுச்சு. சமமா வந்தா, அதிகப் போட்டியில யாரு முன்னாடியோ அவருக்குத்தான். சொரிமுத்து நாலுல முன்னாடி."

"எப்ப மாறிச்சு?"

"நீ ஓடிக்கிட்டிருந்தப்ப."

அந்த மழைக்காலம் முழுக்கச் செவந்தி இரண்டு குட்டிகளோடு மரக்கிளையில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. மழை விட்டதும் இறங்கி நேரே கொம்பையாவிடம் போனது.

"அண்ணே, கமிட்டியில இடம் இருக்கா?"

கொம்பையாவுக்கு வாயெல்லாம் பல். கமிட்டியில் விளையாடத் தெரிந்த ஆள் ஒருத்தர்கூட இல்லை என்று காட்டில் முணுமுணுப்பு கிளம்பியிருந்தது. உடனே சேர்த்துக்கொண்டார்.

"அப்புறம் அண்ணே," என்றது செவந்தி, "அந்த மேட்டைச் சுத்திக் கிழங்கு மண்டிக் கிடக்கே. உங்க மச்சான் உங்களைத் தோண்ட விடுறாரா?"

"எங்கே விடுறான் அந்தப் பய!" என்றார் கொம்பையா. பெருமூச்சு வேறு.

"நான் விடுவேன்."

மூன்றாம் வருஷம் சொரிமுத்துவும் வெள்ளையம்மா என்கிற முயலும் சமம். புது உறுப்பினர் செவந்தி எழுந்தது.

"சமம்னா சமம்தான். ரெண்டு பேருக்கும் முதலிடம். ஆனா ஒரே பொந்துல உடும்பும் முயலும் இருந்தா முயல் மிஞ்சுமா? அதனால பொந்து கமிட்டி பொறுப்புல இருக்கும். பொறுப்பை நான் பாத்துக்கறேன்."

சொரிமுத்து மச்சானைப் பார்த்தது. மச்சான் வாயில் கிழங்கு இருந்தது.

வெள்ளையம்மா ஓடி வந்தது. "அக்கா, போன வருஷம் வரைக்கும் அப்படி ஒரு விதியே இல்லையே! நானும் ஓடைக்கரைதான் அக்கா. நாலு குட்டி. உங்களுக்குத் தெரியாததா?"

செவந்திக்குப் பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. திரும்பிப் பார்த்தது. பொந்து வாசலில் அதன் இரண்டு குட்டிகளும் காய்ந்த மண்ணில் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தன. முதல் தூறல் விழுந்தது.

"தெரியும்டி" என்றது.

"அப்ப விதி எப்ப மாறிச்சு அக்கா?"

"நீ ஓடிக்கிட்டிருந்தப்ப."

நீதி: ஓடத் தெரிந்தால் ஓடுங்கள். குட்டி நனையக் கூடாது என்றால் விதி எழுதுங்கள்.