சாவி கொடுக்கிறவர் மூஞ்சி

பழைய கார் பார்க்கப் போன இடத்தில் காரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் பெங்களூர் காக்ஸ் டவுன் மூஞ்சி சார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ஆனால் அவர் மனைவியே காய்காரரிடம் “மூஞ்சி சார் வீடு” என்றுதான் அடையாளம் சொல்வார் என்பதால் நாங்கள் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

சுதந்திரம் வந்த பிறகு துரைமார்களும் ஆங்கிலோ இந்தியர்களும் லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். ரிச்சர்ட்ஸ் டவுனில் வாசலுக்கு வாசல் ஒரு கார் விலைக்கு நின்றது. வாங்கப் போகிறவர்கள் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போவார்கள். எங்கள் தெருக்காரர்களுக்கு மட்டும் புத்தி வேறு மாதிரி. ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசில் கோப்பு கட்டிக்கொண்டிருந்த மூஞ்சி சாரைக் கூட்டிப்போவார்கள்.

அவர் பானட்டைத் திறக்கச் சொல்ல மாட்டார். குனிந்து அடியில் பார்க்க மாட்டார். “சாவியை இவர் கையில குடுங்க” என்பார். விற்கிறவர் சாவியை நீட்டும்போது, அந்த மூஞ்சிக்கு ஒரு ஜாண் தூரத்தில் தன் மூஞ்சியைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு உற்றுப் பார்ப்பார். அவ்வளவுதான் பரிசோதனை.

“நல்ல வண்டியைக் குடுக்கிறவன் மூஞ்சி தொங்கும் தம்பி. சனியன் ஒழிஞ்சுதுன்னு நினைக்கிறவன் மூஞ்சி மலரும். மரத்தூளைக் கொட்டினா தேஞ்ச கியர் பாக்ஸ்கூட சத்தம் போடாம பொய் சொல்லும். மூஞ்சி சொல்லாது.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் அவரிடம் போய் மாட்டினேன். மருந்து கம்பெனியில் ஊர் ஊராகப் போய் டாக்டர்களைப் பார்க்கிற வேலை எனக்கு. மாதக் கடைசிக்குள் சொந்தக் கார் இருந்தால் பெங்களூரிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் ராய்ச்சூர் என்று மானேஜர் சொல்லிவிட்டார். கல்யாணமான புதிது. ஸ்டெல்லாவுக்கு அப்போதுதான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. “ராய்ச்சூருக்கு நீங்க போங்க. நான் லீவுக்கு லீவு வரேன்” என்று சொல்லிவிட்டாள்.

முதலில் பார்த்தது ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓய்வுபெற்ற ஒரு எஞ்சின் டிரைவரின் கார். கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த மனிதர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். மூஞ்சி சார் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்த வாரம்தான் அந்த டிரைவர் புதிதாகப் பல்செட் கட்டியிருந்தார், வாய் மூடவே வரவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அந்தக் காரை எங்கள் தெரு பேக்கரிக்காரர் வாங்கினார். அது தினம் காலையில் ரொட்டி வாசனையோடு என்னைத் தாண்டிப் போகும்.

அதற்கப்புறம் பார்த்த கார்களுக்கெல்லாம் சிரித்த மூஞ்சிதான் சொந்தக்காரர். கப்பல் டிக்கெட் கையில் இருக்கிறவன் பின்னே அழுவானா? மாதமோ ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஜீவனஹள்ளிப் பக்கம் ஒரு காண்டிராக்டர் அகப்பட்டார். சாவியை நீட்டினார் பாருங்கள், கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. மூஞ்சி சார் வழக்கத்துக்கு மேல் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். பரவசத்தில் என் தொடையைக் கிள்ளினார். “கண்ணை மூடிக்கிட்டு வாங்கு தம்பி. இது வண்டி இல்லே, இவர் பெத்த புள்ளை.”

நல்லவேளை, பணம் கொடுக்குமுன் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். மேட்டில் பாதி ஏறியதும் புள்ளை இருமியது, புகையைக் கக்கியது, அப்படியே பின்னால் இறங்கத் தொடங்கியது. நாங்கள் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தபோது, காண்டிராக்டரின் மனைவி அவருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். “ஸ்வல்பம் தள்ளியே நில்லுங்க. மெட்ராஸ் ஐ. ஊரெல்லாம் ஒட்டிக்குது” என்றார்.

மறுநாள் விடிந்தபோது என் கண்ணும் மூஞ்சி சார் கண்ணும் கோவைப்பழம். ஸ்டெல்லா எனக்குத் தனித் துண்டு, தனித் தட்டு வைத்தாள். எனக்கு வந்த கோபத்தில் நேரே அவர் வீட்டு வாசலுக்குப் போய், உங்கள் மூஞ்சி சாஸ்திரத்தை நம்பி என் குடும்பம் ரெண்டாகப் போகிறது என்று தெருவே கேட்கும்படி கத்திவிட்டு வந்தேன்.

அவரிடமே ஒரு மோரிஸ் கார் இருந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். தினம் காலையில் துடைப்பார். மழை வந்தால் அதை ஷெட்டில் விட்டுவிட்டு, இவர் குடை பிடித்துக்கொண்டு நடந்து போவார். வேறு யாரையும் அதில் கைவைக்க விட்டதில்லை.

எனக்குக் கண் சரியாகி, ராய்ச்சூருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அந்த மோரிஸ் எங்கள் வாசலில் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூஞ்சி சார் இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவியும் இறங்கினார்.

“ராய்ச்சூரெல்லாம் பேஜாரு தம்பி. அந்தப் பொண்ணு இங்க வேலையில இருக்குது. இதை எடுத்துக்க. முடிஞ்சப்போ பணம் குடு” என்று சாவியை நீட்டினார். நான் பிடித்தேன். ஆனால் அவர் உடனே விடவில்லை. கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது.

“இன்னும் கண்ணு சரியாகலையா சார்?”

“மெட்ராஸ் ஐ. லேசுல விடாது.”

“உங்களுக்கு முன்னாடியே இவருக்கு ஆறிப்போச்சே” என்றார் அவர் மனைவி.

“நீ சும்மா இரு” என்றார் மூஞ்சி சார்.

அந்த வண்டி கோலாரும் ஓசூரும் தும்கூரும் போனது. ஒரு மேட்டில்கூட நின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் துணியோடு வந்து துடைத்துவிட்டுப் போவார், கடைசி வரைக்கும்.

அவர் போன பிறகு, கம்பெனி வேறு கார் கொடுத்ததால் மோரிஸை விற்க வேண்டிவந்தது. வாங்குகிறவர் ஒரு மெக்கானிக்கோடு வந்தார். பானட்டைத் திறந்தார்கள், அடியில் படுத்தார்கள், டயரை உதைத்தார்கள். ஒருவரும் என் மூஞ்சியைப் பார்க்கவில்லை. சாவியை நான் கொஞ்சம் தாமதமாக விட்டபோதுதான் அவர் நிமிர்ந்து, கண் ஏன் சார் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டார்.

மெட்ராஸ் ஐ என்றேன்.