நூற்றுப்பன்னிரண்டு ரின்களைக் குளிப்பாட்டிய கதை

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. கையில் எது அகப்பட்டாலும் கழுவிவிடுவேன். விருந்துக்குப் போன வீட்டில் நான் குடித்த தேத்தண்ணிக் கோப்பையை மட்டுமல்ல, பக்கத்தில் இருந்தவர் பாதி குடித்துவிட்டு வைத்திருந்த கோப்பையையும் கழுவிக் கவிழ்த்தவன் நான். (அவர் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை.) இது பரம்பரையாக வந்த வியாதி இல்லை, தொழிலால் வந்தது. 2009இல் பாரிசுக்கு வந்தேன். அடுத்த வருடமே உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போனேன். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் அந்த வேலையைப் 'புளோஞ்' என்பார்கள். வருடக்கணக்காகக் கோப்பை கழுவியவனுக்குக் கை சும்மா இருக்காது.

அந்த வியாதியால் பெரிய கெடுதி ஒன்றும் வந்ததில்லை, ஒரே ஒரு திங்கட்கிழமையைத் தவிர.

அப்போது நான் பிரெஞ்சுப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். எனக்கு ஆலோசகர் குணம் அண்ணை. என் மனைவி வதனிக்கு ஒன்றுவிட்ட தமையன், பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் இருக்கிறார். பேப்பர் விஷயத்தில் அவருக்குத் தெரியாத சட்டமே கிடையாது. (அவருடைய சொந்த விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்திருந்தது. அதை அப்போது நாங்கள் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.)

"தம்பி, வேலைக் கடிதம், வாடகைக் கடிதம் எல்லாரும் வைப்பினம்," என்றார். "நீ இந்த நாட்டுச் சனத்துக்கு என்ன செய்தனி எண்டு ஒரு கடிதம் வை. பிரெபெக்சர் கந்தோரிலை இருக்கிறவன் எழும்பி நிண்டு கைகுடுப்பான்."

அப்படி ஒரு கடிதத்துக்கு எங்கே போவது? எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் மதாம் ஒடில். மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்குப் பக்கத்தில், இல்லாதப்பட்டவர்களுக்கு உணவு கொடுக்கும் சிறிய நிலையம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்த நரைத்த தலை அம்மா. வந்த முதல் குளிர்காலத்தில் அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். அப்போது நாங்கள் ஆறு பேர் ஒரே அறையில் இருந்தோம். அடுப்பு இல்லை, கத்தி இல்லை. மதாம் ஒடில் பை நிறைய ரின் உணவு, தகர டப்பாவில் அடைத்த சாப்பாடு, தந்துவிட்டார். அறைக்குக் கொண்டுவந்து பார்த்தால் ஒன்றையும் திறக்க வழியில்லை. கதவுப் பூட்டின் திறப்பால் குத்திப் பார்த்தோம். ஜன்னல் விளிம்பில் அடித்துப் பார்த்தோம். கடைசியில் சோள ரின் ஒன்று பொத்துக்கொண்டு அறையெல்லாம் தெறித்தது. அன்று இரவுச் சாப்பாட்டை ஆறு பேரும் சுவரிலிருந்து பொறுக்கிச் சாப்பிட்டோம்.

அதனால் மதாம் ஒடிலிடம் போய், லா சப்பல் கடைகளிலும் எங்கள் ஆட்களின் வீடுகளிலும் ரின்கள் சேர்த்துத் தருகிறேன், நீங்கள் ஒரு கடிதம் தந்தால் போதும் என்று கேட்டபோது எனக்குக் கூச்சமாகவே இருக்கவில்லை. அவருக்கு மிகுந்த சந்தோஷம். கடிதம் என்ன, நல்ல கடிதமாகவே எழுதுகிறேன் என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, ரின் தெரிந்தெடுப்பதில் அன்றைக்குப் பாரிசிலேயே என்னை விஞ்ச ஆள் இருந்திருக்காது. மூடியில் இழுத்துத் திறக்கும் வளையம் இருக்கவேண்டும். சூடாக்காமலே சாப்பிடக்கூடியதாக இருக்கவேண்டும், ஏனென்றால் வீடில்லாமல் ஹோட்டல் அறையில் குடும்பத்தோடு கிடப்பவனுக்கு அடுப்பு ஏது? ஒருவர் ஒரு நேரத்தில் முடிக்கும் அளவாக இருக்கவேண்டும். மீன், பயறு, கடலை என்று வயிற்றில் நிற்கிற சாமானாக இருக்கவேண்டும். இதையெல்லாம் கடை கடையாக ஏறி முதலாளிமாருக்கு வகுப்பே எடுத்தேன். ஒருவர் இருபது தேங்காய்ப்பால் ரின்னை அள்ளி வைத்தார். வெறும் தேங்காய்ப்பாலை வைத்துக்கொண்டு அந்தச் சனம் என்ன செய்யும் என்று கேட்டேன். தேங்காய்ப்பால் இல்லாமல் மனிதர் எப்படி உயிரோடு இருப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். இன்னொருவர் உப்புத் தண்ணீரில் கிடக்கும் பலாக்காய் தந்தார். ஒரு ரின் மூன்று கிலோ, வளையமும் இல்லை. இரண்டையும் மறுத்து, நல்லதாக மாற்றி வாங்கினேன். இரண்டு கிழமையில் நூற்றுப்பன்னிரண்டு ரின்கள் சேர்ந்தன. சூரை மீன், கடலை, பட்டாணி, பயறு, தக்காளிச் சாற்றில் ஊறும், மாவுக்குள் இறைச்சி பொதிந்த ராவியோலி, பிள்ளைகளுக்கென்று பீச் பழம்.

எல்லாவற்றையும் எங்கள் கட்டடத்தின் நிலவறையில் அடுக்கி வைத்தேன். கொடுக்கவேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை. உணவகம் பூட்டியிருக்கும் திங்கட்கிழமை மத்தியானம் அவற்றை மேலே கொண்டுவந்து பார்த்தேன். ஒரே தூசி. சிலவற்றில் எலி நடந்த அடையாளம் வேறு. இதை எப்படி மற்றவருக்குக் கொடுப்பது? யாழ்ப்பாணத்து ஆட்கள் ஊத்தைச் சாமான் தந்தார்கள் என்று கதை வராதா? என் கை குறுகுறுக்கத் தொடங்கியது.

குளியல் தொட்டி நிறையச் சுடுதண்ணீர் விட்டு, சோப்புத் திரவம் ஊற்றி, நூற்றுப்பன்னிரண்டையும் இறக்கினேன். ஊறவிடாமல் எதையும் தேய்க்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஊறட்டும் என்று விட்டேன். அந்த நேரம் பார்த்துக் குணம் அண்ணை தொலைபேசி எடுத்தார். விண்ணப்பத்துக்கு ஒட்டும் படத்தில் காது தெரியவேண்டுமா, தெரியக்கூடாதா என்று முக்கால் மணித்தியாலம் விளக்கினார்.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். தண்ணீரின்மேல் பட்டாணிப் படமும் பீச் பழப் படமும் சூரை மீன் படமும் மிதந்துகொண்டிருந்தன. லேபல் எல்லாம் கழன்றுவிட்டது. அடியில் ரின்கள் மினுங்கிக்கொண்டு கிடந்தன. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் கழுவியதில்லை.

வதனி வேலையால் வந்தாள். கதவடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இப்ப எதுக்குள்ளை என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"ரின்னுக்குத் தெரியும்," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

போய் மதாமிடம் உண்மையைச் சொல்லுங்கோ, அந்த மனிசி என்ன கடித்தா தின்னப்போகிறது என்றாள். நல்ல புத்தி. நான் கேட்கவில்லை. என்ன இருக்கிறதென்று எழுதாத ரின்னை அங்கே எடுக்கவே மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ரின் இல்லையென்றால் கடிதம் இல்லை. கடிதம் இல்லையென்றால் பிரஜாவுரிமை இல்லை என்றே அப்போது நம்பினேன். குணம் அண்ணையைக் கூப்பிட்டேன். அடுத்த ரயிலிலேயே வந்து இறங்கினார்.

வந்தவர் பதற்றமே படவில்லை. சுன்னாகம் சந்தையில் தேங்காய் வியாபாரம் செய்தவர் அவர். தேங்காயைக் காதோடு வைத்து ஆட்டி, முற்றலா, அழுகலா, எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவாராம். அதே மாதிரி ஒரு ரின்னை எடுத்துக் காதோடு வைத்து, கண்ணை மூடி, இரண்டு ஆட்டு ஆட்டினார்.

"களக் களக் எண்டால் பட்டாணி. கொளக் எண்டால் ராவியோலி. சத்தமே வராட்டில் மீன். இதென்ன பெரிய வித்தையே, தம்பி?"

பின்னேரம் முழுக்க எங்கள் வீடு அச்சகம் மாதிரி இருந்தது. வதனி முணுமுணுத்தபடி கோதுமை மாவில் பசை காய்ச்சினாள். நான் லேபல்களை ஹீட்டர்மேல் பரப்பி, மயிர் உலர்த்தும் மெஷினால் காயவைத்தேன். குணம் அண்ணை ஆட்டி ஆட்டித் தீர்ப்புச் சொல்ல, நான் ஒட்டினேன். எனக்கும் உற்சாகம் பிடித்துவிட்டது. நானும் சிலவற்றை ஆட்டித் தீர்ப்புச் சொன்னேன். (நான் ஆயுளில் ஒரு தேங்காய்கூடச் சரியாகத் தெரிந்து வாங்கியதில்லை.)

செவ்வாய்க்கிழமை காலை நிலையத்தின் மேசையில் ரின்களை அடுக்கினோம். மதாம் ஒடில் அசந்துபோனார். இப்படிப் பளபளக்கும் ரின்களைத் தான் கண்டதே இல்லை என்றார். கழுவிக் கொடுப்பது எங்கள் வழக்கம் என்றேன். ஒரு ரின்னின் படத்தில் மீன் ஏன் மல்லாக்காக நீந்துகிறது என்று கேட்டார். தொழிற்சாலையில் கவனமில்லாமல் ஒட்டிவிட்டார்கள் போல என்றேன். குணம் அண்ணை விண்ணப்பத்தோடு வைப்பதற்காக என்னையும் ரின்களையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மதாம் கையெழுத்திட்ட கடிதம் மேசையிலேயே இருந்தது. என் பெயரைக்கூடச் சரியாக எழுதியிருந்தார்.

வரிசை வந்தது. நாலாவதாக எங்கள் ஆள் ஒருவர் நின்றார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வன்னியிலிருந்து வந்து மூன்று மாதம் என்றார். பயறு லேபல் ஒட்டிய ரின் ஒன்றைக் கையில் எடுத்தார். அதில் எழுதியிருந்ததை அவரால் வாசிக்க முடியவில்லை. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"தம்பி, இண்டைக்கு அம்மாவின்ரை துவசம்," என்றார். "காலமை துவக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை. இதுக்குள்ளை மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லைத்தானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். லேபலில் பயறுதான் இருந்தது. ஆனால் அந்த ரின்னை ஆட்டியது நான். அது கொளக் என்றதா, களக் என்றதா என்று எனக்கு ஞாபகமே இல்லை. தாயின் திவசத்துக்கு மச்சம் விலக்கி விரதம் இருக்கிற மனிதர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அவர் கையிலிருந்து ரின்னை வாங்கினேன். மதாம் பக்கம் திரும்பி, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், மதாம், இந்த ரின்கள் எல்லாம் பொய் சொல்கின்றன, பொய் சொல்லப் பழக்கியது நான்தான் என்றேன். குளியல் தொட்டி, கோதுமைப் பசை, சுன்னாகம் சந்தை என்று முழுக்கதையையும் ஒப்புவித்தேன். பிரெஞ்சில் தேங்காயை ஆட்டுவது எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கையால் ஆட்டியும் காட்டினேன். வரிசை முழுக்க என்னையே பார்த்தது.

மதாம் ஒடில் என்னிடம் கை நீட்டினார். அந்தப் பயறு ரின்னை வாங்கி வளையத்தை இழுத்தார். உள்ளே இறைச்சி ராவியோலி. இன்னொரு பயறு ரின்னைத் திறந்தார். சூரை மீன். மூன்றாவதைத் திறந்தார். பீச் பழம். குணம் அண்ணை எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டாம் இலக்க மெட்ரோ அவரை எப்போதோ கொண்டுபோய்விட்டது. நாலாவது ரின்னில் கடலை வந்தது. அப்போது மதாம் கதிரையில் உட்கார்ந்து கண்ணீர் வரும்வரை சிரித்தார். ஒரு ரின்கூடச் சரிவரவில்லை.

வன்னி அண்ணர்தான் என்னைக் காப்பாற்றினார். பீச் பழத்தையும் கடலையையும் கையில் எடுத்தார்.

"காணும் தம்பி. அம்மாவுக்குப் பழமும் கடலையும் வைச்சுப் படைக்கலாம்," என்றார்.

படைப்பதற்கென்று ஒரு தட்டும் கரண்டியும் நன்றாகக் கழுவிக் கொடுத்தேன். (அன்றைக்கு நான் கழுவியதில் அது ஒன்றுக்குத்தான் யாரும் குறை சொல்லவில்லை.)

மிச்ச ரின்களை மதாம் எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. எல்லாவற்றையும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். அதற்குப் பதிலாகப் புது ரின்களை, தூசியோடும் லேபலோடும், பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன். பழையவற்றை நாங்கள் மூன்று மாதம் சாப்பிட்டோம். ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் எங்கள் வீட்டில் ஒரு சீட்டிழுப்பு. வெங்காயம், செத்தல் மிளகாய், கடுகு எல்லாம் தாளித்து, மீன் என்று நம்பி ஒரு ரின்னைச் சட்டிக்குள் கவிழ்த்தேன். பீச் பழம் விழுந்தது. வதனி பாண் துண்டு ஒன்றைப் பிய்த்துத் தொட்டு, ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, பாணுக்கு நல்லாயிருக்கு என்றாள். அது என்மேல் வைத்த அன்பு என்றே இன்றும் நம்புகிறேன்.

கடிதம்? அன்றைக்கே மதாம் அதைக் கிழித்துவிட்டார். பிறகு புதிதாக இன்னொன்று எழுதித் தந்தார். இவர் மிகவும் நேர்மையானவர், மிகவும் சுத்தமானவர், சிலவேளை அளவுக்கு மிஞ்சிச் சுத்தமானவர் என்று அதில் இருந்தது. நேர்முகத்தில் அதிகாரி அம்மா கடைசி வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். அவர் பக்கத்து அறையில் இருந்தவரையும் கூப்பிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிரஜாவுரிமை கிடைத்தது. ரின்னால்தான் கிடைத்தது என்று குணம் அண்ணை இன்றும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அடுத்த வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். இங்கே முதல் குளிப்பாட்டலைத் தகப்பனிடம் விடுவார்கள். தாதி பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, தொழில் தெரிந்தவன் என்ற மிடுக்கோடு தொட்டியடிக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்த வதனி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, பிள்ளையின்ரை கையிலை கட்டியிருக்கிற பேர்ப் பட்டியைக் கவனமாப் பிடியுங்கோ," என்றாள். "அது கழண்டால் பிறகு குணம் அண்ணையைக் கூப்பிட்டு ஆட்டிப் பாக்கவேண்டி வரும்."

தாதிக்குத் தமிழ் விளங்காது. நான் ஏன் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன் என்றும் அவருக்கு விளங்கவில்லை.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் வரும். இந்த ரின் கதையை மட்டும் வதனி சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். பிறந்தநாளுக்கு யார் என்ன பொதி கொண்டுவந்து கொடுத்தாலும், பிரிக்க முதல் காதோடு வைத்து இரண்டு ஆட்டு ஆட்டுவாள். பிறகு வந்திருக்கிற எல்லாருக்கும் முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்து, சுத்தத் தமிழில் கேட்பாள்:

"அப்பா, இது மச்சமோ?"