பூட்டிய வீட்டில் ஒருவர்

இந்த முறை மச்சினி வீட்டுக்குப் போவதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவெடுத்தபோது, அவர் முகத்தில் பாதி சோப்பும் பாதி தாடியும் இருந்தன. மிச்சத்தை மழிக்கக்கூட மனம் நிலைகொள்ளவில்லை.

மச்சினி நல்லவள். மச்சினியின் கணவர்தான் வினை. சகலைக்கு வயிற்றில் ஓர் ஆபரேஷன் நடந்திருந்தது. டாக்டர் ஒரே தடவை தைத்துவிட்ட வயிற்றை, சகலை சாப்பாட்டுக்குச் சாப்பாடு பிரித்துச் சொல்வார். மறுசோறு கேட்டால் சட்டையைத் தூக்கித் தழும்பையும் காட்டுவார்.

"ஒரு வாரம் வீட்டைப் பூட்டிட்டுப் போறது சரியில்ல. எவனாவது பூந்துடுவான். நீ போயிட்டு வா, நான் காவலுக்கு இருக்கேன்" என்றார் மனைவியிடம்.

"அதுக்குத்தான் போலீஸ் இருக்காங்களே."

"திருடன் வர்றதுக்கு முன்னாடியே போலீஸைக் கூப்பிடுவியா? அவசர நம்பருக்கு அடிச்சு, 'அவசரம் ஒண்ணும் இல்லீங்க'ன்னு சொல்லுவியா?"

"அவசரமில்லாததுக்குத் தனி நம்பர் இருக்குங்க. பூட்டின வீடுன்னு சொல்லி வச்சா ரோந்து வர்றப்ப பாத்துக்குவாங்க. பக்கத்து வீட்டுல அப்படித்தான் சொல்லிட்டுப் போனாங்க."

"அடிச்சுப் பாரு. எடுக்கவே மாட்டாங்க."

அடித்தாள். எடுத்தார்கள். ஒரு பெண் போலீஸ் பொறுமையாக விலாசம் கேட்டாள், போகும் தேதி கேட்டாள். கடைசியில், "வீட்டுல யாராவது தங்குறாங்களாம்மா?" என்றாள்.

மனைவி அவரைப் பார்த்தாள். ஊருக்கே பார்வை பார்த்துக் கண்ணாடி போடுகிறவருக்கு அந்தப் பார்வையின் பவர் மட்டும் என்றைக்கும் பிடிபட்டதில்லை. தலையை இடமும் வலமும் ஆட்டிவிட்டார்.

"யாரும் இல்லைங்க மேடம்" என்று சொல்லித் தன் நம்பரைக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கடையில் அவருக்கு வேலையே ஓடவில்லை. கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியை மாட்டிவிட, அந்த மனுஷர் படியில் தடுக்கி விழப்பார்த்தார். கிளம்பும் நாள் காலையில்தான் புத்தி வேலை செய்தது.

"வெளியூர்ல கண் முகாம். திடீர்னு கூப்பிட்டுட்டாங்க. தட்ட முடியல. நீ முன்னாடி போ, நான் முகாம் முடிச்சு நேரா அங்க வந்துடறேன்."

சண்டை வரும் என்று பதில்களைக் கோர்த்து வைத்திருந்தார். அவளோ, "சரிங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லி அவர் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள். இவ்வளவு சுலபமா என்று அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அவள் பஸ் ஏறிப் போனாள். அவர் பையோடு நாலு தெரு சுற்றிப் பின்கதவு வழியாக வீட்டுக்குள் நுழைந்தார்.

சுதந்திரம். சோபாவில் காலை நீட்டினார், மடக்கினார், எழுந்தார். டிவியைப் போட்டார், சத்தம் தெருவுக்குக் கேட்குமோ என்று ஊமையாக்கினார். செய்தி வாசிப்பவளின் வாயை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். பசித்தது. தாளித்தால் வாசனை காட்டிக்கொடுக்கும் என்று காய்ந்த ரொட்டியைத் தின்றார். எதிர்வீட்டு அம்மா மாடிக்கு வந்தபோது ஜன்னலுக்குக் கீழே தவழ்ந்து போனார். சொந்த வீட்டிலேயே திருடன் மாதிரி நடமாட அரை நாளில் கற்றுக்கொண்டுவிட்டார்.

வாசல் மணி அடித்தது. மூச்சை அடக்கினார்.

"உள்ள யாரு? பூட்டின வீட்டுல ஃபேன் ஓடுது. கதவைத் திறங்க."

திறந்தார். அன்றைக்குப் போனில் பேசிய பெண் போலீஸே நின்றாள். அவளுக்குப் பின்னால் வண்டி. வண்டிக்குப் பின்னால் பாதித் தெரு.

"நான்தான் மேடம் இந்த வீட்டுக்காரர். கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கு, பாருங்க."

அவள் போட்டோவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "போட்டோவுல இருக்கறவருக்கு முடி இருக்கே சார்."

போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, மனைவியைக் கூப்பிட்டாள். "அம்மா, உங்க வீட்டுல ஒருத்தர் இருக்காரு. உங்க வீட்டுக்காரர்னு சொல்றாரு."

"இருக்காதுங்க மேடம். அவரு வெளியூர்ல கண் முகாமுக்குப் போயிருக்காரு. என்கிட்ட அவரு பொய் சொல்லவே மாட்டாரு."

தெரு காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. திருடன் என்றால் ஸ்டேஷன். பொய்யன் என்றால் வீடு. ஸ்டேஷனே தேவலையோ என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது.

"நான்தாம்மா. முகாமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா சொன்னேன்."



"குரல் அவருதுதான் மேடம். பையெல்லாம் கட்டித்தான் இருக்கும். சாயங்கால பஸ்ஸைப் பிடிச்சா இங்க ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துடலாம். என் தங்கச்சி வீட்டுக்காரர் பேச ஆளில்லாம வழியையே பாத்துட்டு இருக்காரு."

போலீஸ் வண்டியே பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட்டது. மடியில் பையை வைத்துக்கொண்டு, அவர் சொன்னார்: "மன்னிச்சுக்கங்க மேடம். அவசரமில்லாத ஒரு போனுக்கு, என்னால உங்களுக்கு இவ்வளவு அலைச்சல்."

"அலைச்சல் என்ன சார். உங்க வீட்டம்மா காலைல பஸ்ஸுல இருந்தே மறுபடியும் போன் பண்ணாங்க. 'மத்தியானம் உள்ள ஒருத்தர் ஒளிஞ்சிருப்பாரு, பயந்த சுபாவம், கொஞ்சம் மெதுவா மணி அடிங்க'ன்னு."