சுருட்டினால் கூம்பு

கரும்பலகையில் ஷீபா டீச்சர் வரைந்திருந்த வட்டக்கோணப் பகுதியை வகுப்பே வெறித்துப் பார்த்தது.

"இதைச் சுருட்டி ஓரத்தோட ஓரம் ஒட்டுனா என்ன வரும்?"

"நெய் ரோஸ்ட், டீச்சர்!" என்றான் நிலவழகன்.

அந்தப் பள்ளியில் ஷீபாவுக்கு அன்றுதான் முதல் நாள். தலைமையாசிரியர் ஆத்மநாதன் காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்: "பத்தாங்கிளாஸ் கணக்கு ஒங்களுக்கா குணசேகரன் சாருக்கான்னு, நீங்க பாடம் எடுக்கறதைப் பார்த்துட்டுத்தாங்க சொல்வேன்."

நல்லவேளை, மனிதர் இன்னும் வரவில்லை.

எதையும் கையில் கொடுத்துவிட்டால் மண்டையில் ஏறிவிடும் என்பது ஷீபாவின் கட்சி. சார்ட் தாளை வெட்டினாள், சுருட்டினாள், ஒட்டினாள். மேசைமேல் கூம்பு நின்றது.

"சாயுயரம் எது? காட்டு பார்ப்போம்."

நிலவழகன் கூம்பின் பக்கத்தில் ஸ்கேலைச் செங்குத்தாக நட்டான்.

"அது உயரம்டா. சாயுயரம்னா, எறும்பு அடியிலேருந்து உச்சிக்கு ஏறுற வழி."

"எறும்பு சுத்திச் சுத்தியில்ல டீச்சர் ஏறும்?"

சரி, ஆளுக்கொன்று செய்யட்டும் என்று பழைய செய்தித்தாள்களைக் கொடுத்தாள். பாதிக் கூம்புகள் தலையில் தொப்பியாக ஏறின. மீதி நாதஸ்வரமாக முழங்கின.

"பப்ளிக் எக்ஸாமை வச்சுக்கிட்டு ஊதிக்கிட்டா இருக்கீங்க?" என்று ஷீபா அதட்டினாள்.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அறிவுமதி எழுந்தாள். "டீச்சர், நாங்க வந்து..."

"கதையெல்லாம் அப்புறம். எல்லாரும் கூம்பைப் பிரிங்க!"

பிரித்தார்கள்.

"வளைஞ்ச ஓரம் இருக்குல்ல, அதுதான் அடி வட்டமாச்சு. நேரா இருக்கிற ஓரம், அதான் ஆரம், அது என்னாச்சு?"

நிலவழகன் தாளைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான்.

"அட! ஆரமே சாஞ்சு நிக்குது டீச்சர். அதான் சாயுயரம்!"

ஷீபாவுக்கு உச்சி குளிர்ந்தது. ஹெச்.எம். இப்போது வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! வாசலை எட்டிப் பார்த்தாள். ஈ காக்கை இல்லை.

"இனிமே பேப்பரே வேண்டாம். மனசுக்குள்ளயே ஏதாவது ஒரு பொருளைத் திருப்பிப் பார்த்துச் சொல்லணும். யாரு சொல்றா?"

அறிவுமதி ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தபடி கையைத் தூக்கினாள்.

"இந்த ரூமை அப்படியே திருப்பி எதிர்க் கட்டடத்துல வச்சா, அதான் டீச்சர் பத்தாங்கிளாஸ். நாங்க எட்டு. ஹெச்.எம். சார் அங்கிட்டுதான் ரொம்ப நேரமா ஒங்களத் தேடிக்கிட்டு நிக்கிறாரு."