டைகர் வாயில் குச்சி, என் நாக்கில் சனி

எப்போதும் பிளேன்டீ கொடுக்கிற வீட்டில் திடீரென்று பால்டீயும் கேக்கும் வந்தால் நான் உஷாராகிவிடுவேன். என் புத்தி அப்படி. அந்தப் புத்திதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாவலப்பிட்டியில், என் வாழ்க்கையையே கவிழ்க்கப் பார்த்தது.

அப்போது கண்டியில் ஒரு ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. நாய்களின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து, எந்தச் சாதி நாய்க்கு எத்தனை வகை நோய் எதிர்ப்பு மரபணு இருக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. (தடவுவது மட்டும்தான் நான். பேச்சு என்னவோ பெரிய விஞ்ஞானி மாதிரி.) மாமா வீட்டில் டைகர் என்று ஒரு அல்சேஷன் இருந்தது. மாமா மகள் மலரும் இருந்தாள். நாலு வருஷமாக அவளை மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன், கேட்கத்தான் வாய் வரவில்லை. குச்சியைச் சாக்காக வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

போனால், கதிரைகளுக்கெல்லாம் புது உறை. மேசை நிறைய கேக், பட்டிஸ், வாழைப்பழம். பத்து மணிக்கே மலர் பட்டுச்சேலையில்! "வாங்க தம்பி, வாங்க" என்று மாமா வாசலுக்கே வந்தார். தன் தங்கச்சியான என் அம்மா போனாலே ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிற மனுஷன் அவர். எனக்குப் பொறி தட்டியது. ஆஹா, மாமா பீற்றிக்கொள்கிற மாதிரி டைகர் அசல் அல்சேஷன் இல்லை! என் குச்சியால் அந்த உண்மை வெளியே வந்துவிடக்கூடாதென்றுதான் இந்த உபசாரம்.

(அம்மாவும் மாமாவும் ஃபோனிலேயே கல்யாணம் பேசிவிட்டார்களாம். என் சம்மதத்தை மட்டும் மாமா நேரில் கேட்பதாக ஏற்பாடாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம்.)

டைகரின் கன்னத்தில் தடவிக்கொண்டிருந்தபோது மாமா குச்சியைச் சந்தேகமாகப் பார்த்தார். "இதுல அப்படி என்னதான் தெரியும்?"

விட்டேனா! "மாமா, இந்தச் சாதி நாயெல்லாம் சொந்தத்துக்குள்ளயே சேத்துச் சேத்து வந்தது. எல்லாத்துக்கும் எதிர்ப்பு மரபணு கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஒரு சாவிக்கு ஊர்ல எல்லாப் பூட்டும் தொறந்தா எப்படி? கிருமிக்குக் கொண்டாட்டம்! ரோட்டு நாயப் பாருங்க, கலந்து கெடக்குது, வகை வகையா இருக்கு."

டைகர் கலப்பென்றால் வெட்கப்படத் தேவையில்லை என்று அவரைத் தேற்றுவதாக எனக்கு நினைப்பு. அதோடு நிறுத்தினேனா? "சொந்தத்துல சேத்தா நோஞ்சான்தான் மாமா. வெளியில பாக்கிறதுதான் புத்தி."

அத்தை நீட்டிய கேக் தட்டு பாதியிலேயே நின்றது. மலர் எழுந்து உள்ளே போய்விட்டாள். மாமாவின் முகம் கறுத்தது.

"எங்க பொண்ணப் பிடிக்கலைன்னா நேரா சொல்லலாமே தம்பி. நாய எதுக்கு இழுக்கிறீங்க?"

ஐயோ! அப்போதுதான் அந்தக் கேக்குக்கு அர்த்தம் புரிந்தது. நாலு வருஷத்து ஆசையை நாலு நிமிஷத்தில் நானே குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். அழாத குறை.

"சத்தியமா நாயப் பத்தித்தான் மாமா சொன்னேன்! எனக்கு மலரத்தான் கட்டணும்!" என்று, கையில் எச்சில் குச்சியோடு கத்தினேன்.

மாமா லேசில் விடுகிற ஆளா? "அப்ப நீங்க சொன்னதெல்லாம் மனுசனுக்குப் பொருந்தாதா?"

"பொருந்தவே பொருந்தாது மாமா!"

(விஞ்ஞானத்துக்கு நான் செய்த பச்சைத் துரோகம். இன்னொரு தடவை கேட்டாலும் செய்வேன்.)

உள்ளேயிருந்து மலர் சிரிக்கிற சத்தம் கேட்டது. மாமா அரை மனதோடு தலையாட்டினார்.

எங்கள் மகளுக்கு இப்போது ஐந்து வயது. அவள் ஒரு தும்மல் போட்டால் போதும், வீடே என் பக்கம் திரும்பும். அத்தை சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்வார். மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அன்னைக்குப் பொருந்தாதுன்னீங்களே மாப்பிள, நெசந்தானே?" என்பார்.

"நெசந்தான் மாமா" என்று அடித்துச் சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.