பெட்டி ஆசாரியை மாற்றிய பிரதாபம்

மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், இன்றைக்கும் எனக்கு உடம்பு பரபரக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது ஒரு வியாதி. எழுபதுகளில் அந்த வியாதி முற்றியிருந்த சமயம் பார்த்து எனக்கு வேலை கிடைத்தது.

காக்களூர்ப் பக்கம் பம்ப் ஸ்டவ் செய்கிற சின்ன ஃபேக்டரி. முதலாளி நாயுடு. நான் பி.ஏ. எகனாமிக்ஸ் (அடேயப்பா!), பர்ச்சேஸ் கிளார்க், அந்த ஷெட்டிலேயே ஒரே பெண். திருவள்ளூரில் கோயில் மடப்பள்ளியில் தளிகை பண்ணுகிற அப்பா, "ஒரு புகார் வந்தாலும் வேலையை விட்டுடணும், அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம்" என்று சொல்லித்தான் அனுப்பினார். மாப்பிள்ளைகூடத் தயார். எனக்குத்தான் அவரைக் கண்ணெடுத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சேர்ந்த இரண்டாம் வாரம் ஃபைலைப் புரட்டினேன். ஸ்டவ் அடுக்கி அனுப்புகிற மரப்பெட்டி பதினோரு வருஷமாக ஒரே ஆளிடம்! கன்னியப்பன் ஆசாரி. வேறு இடத்தில் ஒரு தடவைகூட விலை கேட்டதில்லை. எனக்குத் தூக்கமே போயிற்று. பெட்டியும் செய்து தருகிற கும்மிடிப்பூண்டி மரவாடி ஒன்றுக்கு லெட்டர் போட்டேன். கால்வாசி விலை குறைவு என்று பதில் வந்தது! அந்தக் கடிதத்தோடு நாயுடு அறைக்கு ஓடினேன்.

"வேணாம்மா, பேஜாரு. கன்னியப்பன் பெட்டின்னா நான் பிரிச்சிக்கூடப் பாக்கறதில்ல."

"அந்த தைரியத்துலதான் சார் அவர் விலையைக் குறைக்கவே இல்லை!"

"அளவெல்லாம் சரியா வருமா?"

"பழைய ஆர்டரை அப்படியே காப்பி அடிச்சு அனுப்பறேன் சார். இதுல என்ன தப்பு வரப்போறது?" (ஐயோ, அந்த வாய்!)

அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விஜயவாடாவுக்குத் தீபாவளி லோடு கிளம்பவேண்டிய நாள். அன்றைக்குச் சரக்கு கிளம்பாவிட்டால் வேறு கம்பெனி ஸ்டவ் வாங்கிக்கொள்வதாக அங்கே கடைக்காரர் எழுதிவிட்டார். வாசலில் லாரி நிற்கிறது. சொன்ன தேதிக்கு டாண் என்று புதுப் பெட்டிகள் வந்து இறங்கின. என் கால் தரையில் பாவவில்லை. பேக்கிங் முனுசாமி முதல் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஸ்டவ்களை வைத்து மூடியைப் போட்டான். மூடவில்லை.

"இன்னாம்மா இது, ஸ்டவ்வு எட்டிப் பாக்குது?"

டேப்பைப் பிடுங்கி அளந்தேன். உயரம் பன்னிரண்டு அங்குலம், ஆர்டரில் எழுதியபடியே. ஆனால் வெளிப்புறத்தில்! அடிப்பலகையும் மூடியும் சேர்ந்து உள்ளே ஒரு அங்குலத்தை விழுங்கியிருந்தன.

புத்தியுள்ளவளாக இருந்தால் முதலாளியிடம் ஓடியிருப்பேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? "வைக்கோலை எடு. நான் மூடி மேல உக்கார்றேன், நீ ஆணி அடி!" என்றேன். உட்கார்ந்தேன். உள்ளே ஏதோ நறுக்கென்றது. முனுசாமி சுற்றிச் சுற்றி அடித்தான். மூடிவிட்டது! வெற்றி! எழப் போனேன். எழுந்திருக்க முடியவில்லை. புதுச் சின்னாளப்பட்டிச் சேலையின் முந்தானையை இரண்டு இடத்தில் பெட்டியோடு சேர்த்து அடித்திருந்தான்.

அந்த நேரம் பார்த்தா நாயுடு உள்ளே வரவேண்டும்? கூடவே கன்னியப்பன் ஆசாரி. பெட்டிகள் இறங்கும்போதே சந்தேகப்பட்டு நாயுடு ஆள் அனுப்பியிருக்கிறார். ஆசாரி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, உன்னையும் சேத்து விஜயவாடாவுக்குப் பார்சல் பண்றாங்களா?"

ஷெட்டே சிரித்தது. லாரி டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர். ஆசாரி குறடு எடுத்து ஆணியைப் பிடுங்கிக்கொண்டே கேட்டார்.

"உள்கூடு அளவுன்னு எழுதினியா?"

"பழைய ஆர்டர்லயும் இல்லையே!"

"எப்படி இருக்கும்? மொத தபா நானும் இதே மாரி வெளிக்கூடு அளந்து செஞ்சி எட்தாந்தேன். மொதலாளி கத்தின கத்து இருக்கே! அதுக்கப்புறம் எனக்கு எதுக்கு எழுதணும்?"

"அந்தத் தண்டத்தை ஒரு தபா அழுதாச்சு. புது ஆள்கிட்ட மறுபடியும் அழணுமான்னுதான் வேணாம்னேன்" என்றார் நாயுடு.

மானம் போனது போகட்டும், வேலை போகக் கூடாதே! "ஆசாரி, எப்படியாவது சரி பண்ணிக் குடுங்கோ. இல்லேன்னா அப்பா எனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சுடுவார்!"

"கல்யாணம் நல்லதுதானம்மா?"

"அந்த மாப்பிள்ளையை நீங்க பார்க்கலை!"

ஆசாரி சிரித்த சிரிப்பில் குறடு கைநழுவியது. இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து ஒவ்வொரு பெட்டி வாயிலும் ஒரு அங்குலச் சட்டம் அடித்து உயர்த்தினார். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன். இருட்டுவதற்குள் லாரி கிளம்பியபோது துள்ளிக் குதிக்காத குறைதான்.

நாயுடு புகார் எழுதவில்லை. அடுத்த மாதமே கன்னியப்பன் தன் பெட்டி விலையை ஏற்றினார். மூச்சுக் காட்டாமல் ஆர்டரை டைப் அடித்தேன், 'உள்கூடு' என்று மூன்று இடத்தில் போட்டு.

நாலு வருஷம் கழித்து, எனக்குப் பிடித்தவரோடு கல்யாணம் நடந்தது. அவரிடம் இந்தக் கதையைச் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு. அவர் எங்கள் பெண்ணுக்குச் சொல்ல, அவள் தன் பிள்ளைகளுக்குச் சொல்லியாயிற்று. இப்போதும் நான், "அந்தக் கடையில கிலோவுக்கு ரெண்டு ரூபா கம்மியாம்!" என்று செருப்பை மாட்டினால் வீடே எழுந்து நிற்கிறது.

"முதல்ல முந்தானையை இழுத்துச் செருகிக்கோ!"