சிவப்புப் பெயிண்டில் ஒரு வரி

பிள்ளைகளே, ஜார்ஜ்டவுனில் இருக்கிற அத்தனை கடைகளையும் ஒரே ஒரு பிரஷ்ஷால் இழுத்து மூடக்கூடிய ஆள் போர்டு அக்காதான். அவருக்குச் சொந்தப் பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

கடைகளுக்கு மலிவு விற்பனை போர்டு எழுதுவது அவர் தொழில். மோட்டார் சைக்கிளில் வருவார், ஹெல்மெட்டோடே ஏணியில் ஏறுவார். "கழட்டுங்களேன் அக்கா" என்றால், "நீங்க சாமான் அடுக்கியிருக்கிற லட்சணத்துக்கு இது இருக்கட்டும்" என்பார்.

கடைக்காரர் சொன்னதை அழகாக எழுதுவார். பிறகு அதன் அடியில், சிவப்புப் பெயிண்டில், பொடி எழுத்தில், தன் சொந்த வரி ஒன்றைச் சேர்ப்பார். செருப்புக் கடையில் 'இரண்டு ஜோடி வாங்கினால் ஒரு ஜோடி இலவசம்' என்று எழுதி, கீழே 'கால் இரண்டுதானே?' என்று போட்டார். முகப்பூச்சுக் கடையில் 'ஏழே நாளில் சிவப்பழகு'. கீழே, 'அண்ணனுக்கு வேண்டாமா?'

இவ்வளவு வம்புக்குப் பிறகும் ஏன் கூப்பிட்டார்கள்? அவர் கையெழுத்தைப் பார்த்தால் வயிறு நிறைந்தவனும் முறுக்கு வாங்குவான். அதனால் முதலாளிகள் ஒரு கையால் கூலி கொடுத்து, மறு கையால் சிவப்பு வரியை அழித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அப்போது பாத்திரக் கடையில் சேல்ஸ்மேன். தீபாவளிக்கு முதலாளி ஒரு வாசகம் யோசித்தார். அவர் யோசித்தது அந்த வருடத்தில் அது ஒரு முறைதான். 'அம்மாவுக்கு ஒரு கிரைண்டர் பரிசளியுங்கள்.'

பிறகு என்னைக் கூப்பிட்டார். "நீ பக்கத்துலயே நில்லு. அந்தம்மா சொந்தமா ஏதாச்சும் எழுதினா, நாளைக்கு நீ கடல் தாண்டி அக்கரையில, புக்கிட் தெங்காவுல ஃபேக்டரி வேலை தேடிக்கலாம்."

வீட்டில் கைக்குழந்தை. நான் ஏணியை விட்டு நகரவில்லை.

மேலேயிருந்து அக்கா கேட்டார். "தம்பி, கிரைண்டர் அம்மாவுக்குன்னா, தோசையும் அம்மா மட்டும்தான் சாப்பிடுவாங்களா?"

"சொன்னத மட்டும் எழுதுங்கக்கா. என் வேலை போயிடும் லா."

ஒரு வாடிக்கையாளருக்கு இட்லிச் சட்டி எடுத்துக் கொடுக்க உள்ளே போனேன். அவ்வளவுதான். திரும்பி வந்தால் சிவப்பு காய்ந்துகொண்டிருந்தது.

'அம்மா கேட்டது ஒரு நாள் லீவு.'

தின்னரும் துணியும் எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். அதற்குள் தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண், "அண்ணே, துடைக்காதீங்க, இருங்க" என்று படமெடுக்கப் போனை நீட்டினார். அவரைப் பார்த்து இன்னொருவர். அரை மணியில் கடை வாசல் ஐந்தடிப் பாதையில் நடக்க இடமில்லை.

முதலாளி வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவர் எழுத்தைப் படிப்பவர் அல்லர், தலைகளை எண்ணுபவர்.

"அந்த வரிய பெரிசா எழுதிக் குடும்மா. பையில அச்சடிச்சு கிரைண்டரோட ஃப்ரீயா குடுப்போம்."

அக்கா ஏணியிலிருந்து இறங்கவில்லை. "உள்ள மூணு பொம்பளைங்க வேலை பாக்கறாங்களே முதலாளி, தீபாவளிக்கு முந்தின நாள் அவங்களுக்கு லீவு உண்டா?"

"அன்னிக்குத்தானே வியாபாரமே."

"அப்ப பை இல்ல."

சொல்லிவிட்டு என் கையிலிருந்த துணியை வாங்கி, தன் வரியைத் தானே துடைத்தார். அடுத்து மேலே இருந்த முதலாளியின் வரியையும் துடைத்தார். வெறும் பலகையைத் தொங்கவிட்டு, கூலியும் வாங்காமல் கிளம்பிவிட்டார். அந்தக் கடைப் பக்கம் பிறகு வரவேயில்லை.

என் வேலை தப்பியது. கையில் துணியோடு நின்றவன் விசுவாசி என்று முதலாளி முடிவு செய்துவிட்டார்.

அன்று வீட்டில் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். ஈரமாவு அப்பிய கையோடு உங்கள் அத்தை, அதாவது என் மனைவி, சிரிக்காமல் கேட்டார்: "நீங்க என்ன செஞ்சீங்க?"

"துணி பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

அவர் திரும்பி மிச்ச மாவை வழிக்கப் போய்விட்டார். இன்னும் நாலு கேள்வி கேட்டிருந்தால் தேவலை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உங்கள் அத்தைக்கு லீவு. மாவும் தோசையும் என் பொறுப்பு. தோசை வட்டமாக வருவதில்லை, ஆனாலும் தெருவில் பழைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், கை தானாக இன்னொரு தோசைக்கு மாவு ஊற்றிவிடுகிறது.